கதவில்லாத ஜீப்பும் என் வலது காலும்

என்னுடைய ஜீப்புக்குக் கதவு இல்லை, கூரையும் இல்லை. வாங்கும்போதே அப்படித்தான் வாங்கினேன். முன்கண்ணாடி ஒன்று இருந்தது. அதையும் இரண்டு கொளுக்கிகளைக் கழற்றினால் பொனெற்றின் மேல் படுக்கப் போட்டுவிடலாம். நிலாவெளிக் கடற்கரை மணலில் வெள்ளைக்காரரை ஏற்றி இறக்கவும், மாரி மழையில் திரியாய்ப் பக்கத்து வயல் பாதைகளில் உரமூட்டை கொண்டுபோகவும் அதைவிட நல்ல வாகனம் திருகோணமலையில் கிடையாது என்று நான் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன். மறுத்துச் சொன்னவனோடு சண்டை போட்டேன்.

அதற்கு முழுக் காப்புறுதி எடுக்கத்தான் முதலில் போனேன். இன்சூரன்ஸ்காரர் அன்புவழிபுரத்தில் என் வீட்டுக்கே வந்து, ஜீப்பை மூன்று தரம் சுற்றிப் பார்த்தார். இளம் ஆள். கழுத்தில் ரை, காலில் பளபளக்கிற சப்பாத்து.

"அண்ணை, கதவைப் பூட்டி, ஹூட்டைப் போட்டு, மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில பதிஞ்சுகொண்டு வாங்கோ. இப்பிடியே எண்டா முழுசாத் தர ஏலாது."

"பதினைஞ்சு வரிசமா நான் இப்பிடியான ஜீப்பிலதான் ஓடுறன். இன்னும் விழயில்லை. நீர் உம்மட கதிரையில இருந்து விழாமப் பாரும்" என்றேன்.

கடைசியில் மூன்றாம் தரப்புக் காப்புறுதிதான் கிடைத்தது. அதாவது, நான் றோட்டில் போகிற வெளியாளை மோதினால் அவருக்குக் கட்டுவார்கள். எனக்கும் கிடையாது, என் ஜீப்பில் இருக்கிறவருக்கும் கிடையாது. அந்த அட்டையைத் தரும்போது அவர் ஒன்றைத் திருப்பித் திருப்பிச் சொன்னார்: "ஒரு இரும்புத் துண்டையும் இதில கொண்டுவந்து ஒட்டிப்போடாதேங்கோ அண்ணை. பிறகு இதுவும் செல்லாது." கண்டறியாத இன்சூரன்ஸ் என்று நினைத்துக்கொண்டு அட்டையை முன்கண்ணாடியின் மூலையில் செருகினேன்.

ஐந்து மாதம் கழித்து இரும்பை ஒட்டினேன்.

என் தங்கச்சியின் புருஷன் சல்லிக் கரையில் மீன்பிடிக்கிறவர். எனக்கும் அவருக்கும் ஒரே வயது. நான் அவரை மச்சான் என்பேன், அவரும் என்னை மச்சான் என்பார். அவருடைய சின்ன மகளுக்கு டெங்குக் காய்ச்சல் வந்து, ஆஸ்பத்திரியில் மூக்காலும் பல் முரசாலும் இரத்தம் வந்தபோது, பிள்ளை எழும்பினால் முருகனுக்குத் தூக்குக்காவடி எடுக்கிறேன் என்று நேர்ந்துவிட்டார். பிள்ளை எழும்பினாள். வழக்கமாகக் காவடி கட்டுகிற உழவு இயந்திரம் அந்த வருடம் கியர்பெட்டி உடைந்து நின்றது. மச்சான் என்னிடம் வந்தார்.

"உன்ர ஜீப்பில துலா கட்டுவமோ?"

"கட்டுவம். இதென்ன கேள்வி?" என்றேன். அந்த இன்சூரன்ஸ்காரரின் முகம் ஒரு கணம் வந்துபோனது உண்மை. சாமி காரியத்துக்கு இன்சூரன்ஸா என்று தள்ளிவிட்டேன்.

வெல்டிங் கடையில் சேசிஸோடு சேர்த்து ஒரு துலாவை ஒட்டினார்கள். பத்தடி நீள இரும்பு, முன்பக்கம் மேல்நோக்கிச் சரிந்து நிற்கும். அதன் நுனியில் கயிறு. அந்தக் கயிறுகளில்தான் ஆள் முகம் கீழே பார்க்கத் தொங்குவார். துலாவுக்கு இடம் வேண்டுமென்று முன்கண்ணாடியை மடக்கிப் படுக்கப் போட்டோம். காப்புறுதி அட்டையும் அதோடு சேர்ந்து குப்புறப் படுத்தது.

திருவிழாவன்று காலை மச்சானுக்குச் செடில் குத்தினார்கள். முதுகில் நாலு கொளுக்கி, தொடையில் இரண்டு, கெண்டைக்காலில் இரண்டு. தோலை இரண்டு விரலால் பிடித்து இழுத்து, விரல் தடிப்பான முள்ளை ஒரு பக்கத்தால் ஏற்றி மறுபக்கத்தால் எடுக்கிற வேலை அது. நான் அவர் முன்னால் நின்று இரண்டு கையையும் பிடித்துக்கொண்டிருந்தேன். எட்டு முள்ளுக்கும் அவர் வாய் திறக்கவில்லை. ஒரு சொட்டு இரத்தம் வரவில்லை. தங்கச்சி "அரோகரா" என்று கத்தி அழுதாள். கயிற்றைக் கட்டித் தூக்கியபோது முதுகுத் தோல் நாலு இடத்தில் கூடாரம் போல எழும்பி நின்றது. நான் ஏறி ஸ்டியரிங்கைப் பிடித்தேன்.

நான் மூன்று நாள் விரதம். காவடி வாகனம் ஓட்டுகிறவனும் விரதம் இருக்கவேண்டும் என்பது எங்கள் வழக்கம். தேத்தண்ணியும் இல்லை. சும்மாவே எனக்கு மூக்கு நுனியில் கோபம். வெறும் வயிற்றோடு, வெயிலில், நடக்கிற வேகத்துக்கு முதலாம் கியரில் ஊர்ந்துகொண்டு, முன்னால் மேளம், இரண்டு பக்கமும் கைபேசியைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுக்கிற சனம். என் பொறுமையை என்னவென்று சொல்ல.

சனம் வழியெல்லாம் மறித்துத் திருநீறு வாங்கியது. ஒரு சந்திக்குக் கிட்டே ஒரு பெண் கைக்குழந்தையைக் கொண்டுவந்தாள். கயிறு பிடிக்கிறவர்கள் மச்சானை வலப்பக்கமாகத் திருப்பிக் கொடுத்தார்கள். அவர் தொங்கியபடியே குழந்தையை வாங்கி, நெற்றியில் திருநீறு பூசி, திருப்பிக் கொடுத்தார். தாய் விலகிப் போனாள். அவரைத் திரும்ப நேராக்குவதற்கு முதல்தான் அந்த ஓட்டோ வந்தது.

குறுக்கு ஒழுங்கையிலிருந்து வந்து, மேளக்காரருக்கும் என் ஜீப்புக்கும் நடுவில் இருந்த இடைவெளியைப் பார்த்து ஓட்டோக்காரன் ஓட்டோவின் மூக்கை நீட்டினான். பின் சீற்றில் பயணப் பையோடு இரண்டு பேர், பஸ்ஸுக்குப் போகிறவர்கள். ஹோர்ன் அடித்தான்.

"டேய், கண் தெரியேல்லையோ? காவடி வருகுது!" என்று கத்தினேன்.

நின்றான். ஆனால் ஹோர்னை விடவில்லை. நீட்டாக அமர்த்திப் பிடித்தான். அந்தச் சத்தம் என் மண்டைக்குள் இறங்கியது. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று சும்மாவா சொன்னார்கள். ஒரு முழம் முன்னால் பாய்ந்து ஓட்டோவின் மூக்கில் என் பம்பரால் ஒரு தட்டுத் தட்டினால் பயந்து பின்னால் எடுப்பான் என்று நினைத்தேன். என் ஜீப்புக்கு முன்னால் ஒரு மனிதன் எட்டு முள்ளில் தொங்குகிறான் என்பது அந்த நேரம் எனக்கு நினைவில் இல்லை. இல்லை, அதுவும் பொய். நினைவில் இருந்தது. கோபம் அதைவிடப் பெரிதாக இருந்தது.

ஆக்சிலேட்டரை மிதித்தேன்.

ஜீப் துள்ளியது. மச்சான் வலப்பக்கம் திரும்பியபடியே தொங்கினார், தலை ஜீப்பின் வலப்பக்கத்துக்கு வெளியே, முகம் என்னைப் பார்த்து இருந்தது. கதவில்லாத ஜீப். என் வலது கால் அவர் கண்ணுக்கு நேரே. அவர் கத்தினார்: "காலை எடு! காலை எடு!"

எனக்குக் கேட்டது. நான் அவர் கண்ணைப் பார்த்தேன். பிறகும் ஒரு கணம் மிதித்துக்கொண்டே இருந்தேன். பம்பர் இன்னும் ஓட்டோவில் படவில்லை, அதுதான் காரணம்.

துலாவின் கயிறுகள் ஓட்டோவின் கூரைக் கம்பியில் மாட்டின. கயிறு ஒரு வெட்டு வெட்டியது. முதுகில் இருந்த நாலு முள்ளும் தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்தன. துணி கிழிகிற சத்தம். மச்சான் தலைகீழாக விழுந்தார். கால் முள்ளுகள் மட்டும் அவரைப் பிடித்துக்கொண்டிருக்க, வலது தோள் என் பம்பருக்கும் ஓட்டோவின் முன்சில்லுக்கும் நடுவில் போனது. எலும்பு உடைந்ததை நான் ஸ்டியரிங்கில் உணர்ந்தேன். அப்போதுதான் காலை எடுத்தேன்.

குத்தும்போது வராத இரத்தம் எல்லாம் இப்போது வந்தது. சந்தனமும் திருநீறும் இரத்தமும் சேர்ந்து தார் றோட்டில் ஓடியது. தங்கச்சி ஓடிவந்து புருஷனின் தலையை மடியில் தூக்கிவைத்து, "ஐயோ என்ர முருகா, என்ர முருகா" என்று நெஞ்சில் அடித்துக்கொண்டாள். கால் முள்ளுகளை ஒருவர் கத்தியால் கயிறறுத்து விடுவித்தார்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? சீற்றுக்குக் கீழே கையை விட்டு வீல் ஸ்பானரை எடுத்தேன். இறங்கினேன். ஓட்டோக்காரன் இரண்டு கையையும் தூக்கியபடி, "அண்ணை, நான் நிப்பாட்டினனான், நான் நிப்பாட்டித்தான் நிண்டனான்" என்றான். அந்த வாயில்தான் அடித்தேன். அவன் சொன்னது உண்மை என்பதால் அடித்தேன். பிழை அவனில் இல்லையென்றால் அது என்னில். பல்லு மூன்று தெறித்துப் போய் நான் போட்டிருந்த சேட்டில் பட்டது. இரண்டாம் அடிக்குத் தாடை ஒரு பக்கம் தொங்கிவிட்டது. மூன்றாவது அடிக்குக் கையை ஓங்கினேன், அதற்குள் சனம் என்னைத் தள்ளிவிட்டு அவன்மேல் விழுந்தது. காவடிக்குக் குடம் தூக்கி வந்தவர்கள் மிதித்தார்கள். நெற்றியில் பட்டை போட்டவர்கள் ஓட்டோவைப் புரட்டிக் கண்ணாடியை நொறுக்கினார்கள். மேளக்காரர் ஒருவர் மேளத்தடியால் அடித்தார். பின் சீற்றில் இருந்த இரண்டு பேரும் பையை விட்டுவிட்டு ஓடினார்கள். பொலிஸ் வந்து துவக்கால் மேலே பார்த்து வெடிவைத்த பிறகுதான் விட்டார்கள்.

பொலிஸில் வாக்குமூலம் கேட்டார்கள். "ஓட்டோ குறுக்க வெட்டினது. நான் பிரேக் பிடிச்சன். பிடிச்ச பிடியில ஆள் விழுந்திட்டார்" என்றேன். எழுதிக்கொண்டிருந்த கொஸ்தாப்பல் என் சேட்டில் ஒட்டியிருந்த பல்லுத் துண்டைப் பார்த்தார். எழும்பி வந்து என் காதோடு சேர்த்து ஒரு அறை விட்டார். அந்தக் காதில் இன்றைக்கும் ஒரு இரைச்சல் இருக்கிறது. அடித்ததற்காக என்னைப் பதினாலு நாள் மறியல் சிறையில் போட்டார்கள்.

பிணையில் வந்த அன்று பொலிஸ் முற்றத்தில் என் ஜீப் நின்றது. அதே இன்சூரன்ஸ்காரர், அதே சப்பாத்து, துலா ஒட்டிய இடத்தைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்.

"அண்ணை, ஒண்டு கேக்கோணும். துலாவில தொங்கினவர் பயணியோ, சாமானோ?"

"என்ன?"

"பயணியெண்டா மூண்டாம் தரப்பில வராது. சாமானெண்டா அறவே வராது. ரெண்டுமில்லை, றோட்டால போன ஆள் எண்டாலும், நீங்கள் இரும்பு ஒட்டினபடியால் அட்டை செல்லாது. ஃபோமில ஒரு கட்டத்தை நிரப்போணும், அதுதான் கேக்கிறன்."

"அவன் என்ர தங்கச்சியின்ர புருசன்! அதுக்கு ஒரு கட்டம் இருக்கோ உன்ர ஃபோமில?" என்று அவருடைய ரையைப் பிடித்துவிட்டேன். பொலிஸ்காரர் பிரித்துவிட்டார்கள். அந்த மனிதர் ரையைச் சரிசெய்துகொண்டு, "நான் அண்டைக்கே சொன்னனான் அண்ணை" என்றார். சொன்னவர்தான். சொன்னவன் மேல்தானே எனக்குக் கோபம் வரும்.

மச்சானின் முதுகு ஆறியது. கைதான் பிரச்சினை. தோளெலும்பு நொறுங்கி, கைக்குப் போகிற நரம்பு அறுந்துவிட்டது. விரல் அசையும், கை எழும்பாது. கொழும்பில் பெரிய தனியார் ஆஸ்பத்திரி ஒன்றில் நரம்பைத் தொடுக்கிற ஒப்பரேஷன் செய்தால் கை திரும்ப எழும்பலாம், ஆனால் ஆறு மாதத்துக்குள் செய்யவேண்டும் என்றார் டொக்டர். வலை இழுக்கிற மனிதனுக்கு வலது கை இல்லையென்றால் என்ன இருக்கிறது? அந்தச் செலவு எங்கள் இரண்டு குடும்பத்தையும் விற்றாலும் வராது.

என் வழக்கைப் பேசிய சட்டத்தரணி அம்மா நேரான மனுசி. விளக்கமாகச் சொன்னார்.

"உங்கட காப்புறுதி செத்துப்போச்சு. ஆனா ஓட்டோவுக்கும் காப்புறுதி இருக்கு. ஓட்டோவுக்கு உங்கட மச்சான் வெளியாள். ஓட்டோவின்ர பிழை எண்டு கோட்டில முடிஞ்சா, ஓட்டோவின்ர கொம்பனி அவரின்ர கைக்குக் கட்டோணும். உங்கட பிழை எண்டு முடிஞ்சா ஒருத்தரும் கட்டமாட்டினம். நீங்கள் மறியலுக்குப் போவியள், அவர் கையில்லாமல் இருப்பார். விளங்குதோ?"

"சனம் எடுத்த வீடியோ இருக்கே அம்மா" என்றேன்.

"பாத்தனான். ஓட்டோ முன்னால நிக்கிறது தெரியுது, ஜீப் துள்ளுறது தெரியுது. உங்கட கால் தெரியேல்லை. சத்தம் முழுக்க மேளம்."

கால் தெரியவில்லை. அதைக் கேட்டு எனக்கு வந்த நிம்மதியை நினைத்தால் இப்போதும் என் முகத்தில் நானே துப்பவேண்டும் போல இருக்கிறது.

மச்சானைப் பார்க்க ஒவ்வொரு கிழமையும் சல்லிக்குப் போனேன். அவர் என்னோடு கதைக்கவில்லை. இடது கையால் சோறு பிசைந்து, பாதியை உடுத்திருந்த சாரத்தில் கொட்டி, பிறகு சோற்றுக் கோப்பையைச் சுவரில் எறிவார். தங்கச்சி பொறுக்கிவிட்டு ஊட்டிவிடுவாள். "அண்ணா, அவர் ஏன் உங்களோட கதைக்கிறேல்லை?" என்று கேட்டாள். "நோவு, பிள்ளை" என்றேன். அவள் புருஷனுக்கு ஊட்டிக்கொண்டே பாடம் சொல்லிக் கொடுத்தாள்: "கோட்டில கேட்டா ஓட்டோக்காரன்தான் இடிச்சவன் எண்டு சொல்லுங்கோ. வேற ஒண்டும் கதைக்க வேண்டாம்." அவர் மென்றுகொண்டிருந்தார்.

ஓட்டோக்காரனுக்கு எதிரான வழக்கு விசாரணைக்கு எடுபட்டது. நான் சாட்சிக் கூண்டில் ஏறி, பொலிஸில் சொன்னதையே தடுமாறாமல் சொன்னேன். பிறகு அவனிடம் கேட்டார்கள். தாடையைக் கம்பியால் கட்டியிருந்தார்கள், முன்பல்லும் இல்லை. அவன் திறக்க முடியாத வாயால் என்னமோ சொன்னான். எச்சில் ஒழுகியது. நீதவான், "விளங்கேல்லை, திருப்பிச் சொல்லும்" என்றார். திருப்பிச் சொன்னான். ஒருவருக்கும் விளங்கவில்லை. பின்னுக்கு யாரோ சிரித்தான். மூன்றாம் தரம் சொல்லும்போது அவன் அழுதான். எனக்கு ஒவ்வொரு சொல்லும் விளங்கியது: நான் நிப்பாட்டினனான் ஐயா. நான் நிப்பாட்டித்தான் நிண்டனான்.

அடுத்தது மச்சான். வலது கை ஒரு துணியில் தொங்க, கூண்டில் ஏறினார். தங்கச்சி என் பக்கத்தில் இருந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஓட்டோ உங்களை இடிச்சதோ?" என்று கேட்டார்கள்.

அவர் ஓட்டோக்காரனின் வாயைக் கனநேரம் பார்த்தார்.

"இல்லை ஐயா. ஓட்டோ நிண்டது. மச்சான்தான் ஆக்சிலேட்டரை மிதிச்சவர். ஜீப்புக்குக் கதவில்லை, நான் அவரின்ர காலைக் கண்டனான். காலை எடு எண்டு கத்தினனான். அவர் எடுக்கேல்லை."

சட்டத்தரணி அம்மா எழும்பினார். "மேளச் சத்தத்தில அவருக்குக் கேட்டிருக்காதுதானே?"

"கேட்டது. என்ர கண்ணைப் பாத்தவர்."

தங்கச்சி என் கையை விட்டாள்.

கோட்டு முற்றத்தில், அவ்வளவு சனத்துக்கு நடுவில், அவள் செருப்பைக் கழற்றி என் முகத்தில் அடித்தாள். ஒன்றல்ல, எண்ணவில்லை. "என்ர மனுசன்ர கை! என்ர மனுசன்ர கை!" என்று சொல்லிச் சொல்லி அடித்தாள். உதடு கிழிந்தது. ஒருவரும் மறிக்கவில்லை, நானும் மறிக்கவில்லை. பிறகு புருஷன் பக்கம் திரும்பி, "நீங்களும் ஒரு பொய் சொல்ல ஏலாதோ? ஒரேயொரு பொய்?" என்று கதறினாள். அவர், "முருகனுக்குத் தொங்கின உடம்பு" என்றார்.

நான் ஒரு வருடம் மறியலில் இருந்தேன். சாரதி அனுமதிப்பத்திரத்தைப் பறித்தார்கள். வழக்கு முடிகிற வரைக்கும் பொலிஸ் முற்றத்தில் உப்புக்காற்றில் நின்ற ஜீப்பை இரும்பு நிறுத்து வாங்குகிறவன்தான் கொண்டுபோனான். டொக்டர் சொன்ன ஆறு மாதமும் போய்விட்டது. மச்சானின் கை எழும்பவில்லை, இனி எழும்பாது.

இப்போது விடியக்காலையில் சைக்கிளில் சல்லிக்குப் போகிறேன். வழியில் அந்த ஓட்டோக்காரன் சில நாள் எதிர்ப்படுவான். ஹோர்ன் அடிப்பான், நான் இறங்கி நின்று வழிவிடுவேன். கரையில் மச்சானின் வள்ளம் இருக்கும். அவருக்கு எஞ்சின் கயிறு இழுக்க ஏலாது, வலை இழுக்க ஏலாது. நான் இழுக்கிறேன். என்னை வரச் சொல்லி அவர் கேட்கவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. வள்ளத்தின் முன்பக்கம் அணியத்தில் முதுகைக் காட்டிக்கொண்டு இருந்து, இடது கையால் திசை காட்டுவார். அந்த முதுகில் நாலு தழும்பு. பதினொரு மாதம் ஒரு வார்த்தை இல்லை.

போன கிழமை எஞ்சின் பிடிக்கவில்லை. பத்துத் தரம் இழுத்தேன், பதினைந்து தரம் இழுத்தேன். கை கொப்பளித்தது. "சனியனே!" என்று கத்திக்கொண்டு எஞ்சினை ஒரு உதை உதைத்தேன். பிறகு அதன்மேல் வலது காலை ஊன்றி, பல்லைக் கடித்துக்கொண்டு கயிற்றை வெட்டி இழுத்தேன். வள்ளம் ஆடியது.

மச்சான் திரும்பினார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"காலை எடு" என்றார்.

எடுத்தேன்.